செம்பூர் குடும்பக் குழு: குமாரின் நிச்சயதார்த்தமும் மௌனா லோவாவும்

30 நவம்பர் 2022, புதன்கிழமை

பார்வதி அத்தை (காலை 6:48): அவசரம்! ஹவாய்த் தீவு வெடித்துச் சிதறப்போகிறதாம். சுனாமி மும்பை வரை வருமாம். பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

லட்சுமி பெரியம்மா: குமார் இருக்கும் தீவா??

லட்சுமி பெரியம்மா: போன் எடுக்கமாட்டேன் என்கிறான்.

மீனா: பெரியம்மா, அங்கே இப்போது நேற்று மதியம். இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பான்.

கணேசன் சித்தப்பா: மண்டபத்துக்கு இன்று மாலைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். கட்டவா, வேண்டாமா?

சங்கரன் பெரியப்பா: யாரும் பதற வேண்டாம். ஹவாய் இருப்பது பசிபிக் பெருங்கடலில், நாம் இருப்பது அரபிக்கடல் ஓரம். பார்வதி அனுப்பிய படமும் அங்கே இப்போது பொங்கும் மௌனா லோவா எரிமலை இல்லை. அது கூம்பு மலை. இது கேடய எரிமலை. கடல் மட்டத்துக்கு மேல் 4,169 மீட்டர் உயரம் இருந்தும் சரிவு தெரியாத அளவுக்கு அகன்று படுத்திருக்கும். காரணம் அதன் எரிமலைக் குழம்பு. குழம்பைக் கெட்டியாக்கும் சிலிக்கா குறைந்த பசால்ட் வகை. ரவா தோசை மாவு மாதிரி தானாக ஓடிவிடும். உள்ளே இருக்கும் வாயு எளிதில் வெளியேறிவிடுவதால் பெரிய வெடிப்பு அரிது.

பார்வதி அத்தை: மாவு என்றதும் நினைவு வருகிறது. மதினி, என் கிரைண்டர் இன்னும் உங்கள் வீட்டில்தான்.

லட்சுமி பெரியம்மா: இப்போது இதுவா முக்கியம்?

கணேசன் சித்தப்பா: முன்பணம்?

சங்கரன் பெரியப்பா: கேளுங்கள். 1843 முதல் 33 முறை பொங்கியிருக்கிறது, இது 34-ஆவது. இதற்கு முன் 1984-இல். அப்போது குழம்பு ஹிலோ நகருக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில் நின்றுவிட்டது.

கணேசன் சித்தப்பா: 1984-இல்தான் அப்பா மாதுங்கா வீட்டை விற்றார். யார் பேச்சைக் கேட்டு விற்றார் என்று சொல்லமாட்டேன்.

பார்வதி அத்தை: சொல்லிவிட்டாய்.

சங்கரன் பெரியப்பா: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம், கணேசா.

மீனா: பெரியப்பா, இப்போது எங்கே ஓடுகிறது?

சங்கரன் பெரியப்பா: வடகிழக்குப் பிளவு வழியாக. நல்லவேளை. தென்மேற்குப் பக்கம் செங்குத்து. 1950-இல் அங்கே கிளம்பிய குழம்பு சில மணி நேரத்தில் கடலைத் தொட்டுவிட்டது. என் வருத்தம் வேறு. மலையில் உள்ள ஆய்வகத்துக்குப் போகும் சாலையும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டுவிட்டன. 1958 முதல் காற்றில் கரியமில வாயுவை அளந்துவந்த இடம் அது. அளவீடு நின்றுபோனது.

லட்சுமி பெரியம்மா: என் பிள்ளையைவிட அந்தக் கருவிதான் பெரிதா உங்களுக்கு?

மீனா: 😬

சங்கரன் பெரியப்பா: அப்படியில்லை மதினி. நாம் நிற்பதும் எரிமலைக் குழம்பின் மேல்தான் என்கிறேன். தக்காணத்தின் பெரும்பகுதியில் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காகப் பரவியது. அந்தேரி கில்பர்ட் குன்று அந்தக் காலத்துத் தூண்பாறை.

மீனா: என் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டவிடாமல் ஏற்றிவிட்டீர்களே, அதுவா?

பார்வதி அத்தை: மேலே காவ்தேவி கோவில் நன்றாக இருக்கும். குமார் வந்ததும் பெண்ணோடு ஒருமுறை போய் வரட்டும்.

குமார் (காலை 8:20): தூங்கிக்கொண்டிருந்தேன். 23 தவறிய அழைப்புகள். என்ன ஆயிற்று?

லட்சுமி பெரியம்மா: பத்திரமா?? சாப்பிட்டாயா?

குமார்: நலம் அம்மா. ஹிலோவில் ஒன்றும் இல்லை. இரவில் வானம் சிவந்து தெரிகிறது; ஊரே காரை ஓரம் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிறது. குழம்பு சேடில் சாலையை நோக்கி மெல்ல வருகிறது. சாலை மூடினால் பக்கத்து மலையான மௌனா கியாவில் உள்ள தொலைநோக்கிக்கு வேலைக்குப் போவதுதான் சிரமம்.

கணேசன் சித்தப்பா: 8-ஆம் தேதி விமானம்?

குமார்: இதுவரை ரத்தாகவில்லை.

பார்வதி அத்தை: இதுவரை என்கிறான்.

லட்சுமி பெரியம்மா: 11-ஆம் தேதியை விட்டால் மார்கழி பிறந்துவிடும். அப்புறம் தைதான். நாகர்கோவில் பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது?

சங்கரன் பெரியப்பா: 1984-இல் 22 நாளில் அடங்கியது. ஆனால் ஒவ்வொரு முறையும் அளவு வேறு.

கணேசன் சித்தப்பா: அண்ணன், ஆம் அல்லது இல்லை.

சங்கரன் பெரியப்பா: எரிமலையிடம் அப்படிக் கேட்க முடியாது.

கணேசன் சித்தப்பா: மண்டபக்காரர் என்னிடம் அப்படித்தான் கேட்கிறார்.

குமார்: பாதிப் பணம் கட்டுங்கள் சித்தப்பா.

கணேசன் சித்தப்பா: பாதி வாங்கமாட்டாராம்.

பார்வதி அத்தை: கேசரியா, பால் பாயசமா? அதையாவது முடிவு செய்யுங்கள்.

லட்சுமி பெரியம்மா: பாயசம்.

மீனா: கேசரி.