பெரும்பாக்கம் பிள்ளைகளை அறுவடைக்கு அழைத்துப் போக வழி சொல்லுங்கள்

மாலை வகுப்பு டீச்சர்:
சென்னையை அடுத்த பெரும்பாக்கம் மறுகுடியமர்வு அடுக்குமாடிக் குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்துகிறேன். ரேஷன் கடையில் வரிசையில் நின்று அரிசி வாங்கி வருபவர்கள் என் பிள்ளைகள்தான். நெற்பயிரைத் தொட்டுப் பார்த்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை. வருகிற தையில் ஒரு நாள் அறுவடையைக் காட்டலாம் என்றிருக்கிறேன். மதுராந்தகம் பக்கம் யாராவது இடம் தருவீர்களா?

ஏரிப்பாசனத்தான்:
என் வயலுக்கே வாருங்கள் டீச்சர். ஆனால் தையில் மட்டும் வந்து போவதில் எனக்குச் சம்மதமில்லை. அறுவடை இயந்திரம் காலையிலேயே வேலையை முடித்துவிடும். பிள்ளைகள் வரப்பில் நின்று தூசியைத்தான் பார்ப்பார்கள். சம்பாவுக்கு ஆவணியில் நாற்று விடுகிறோம். 25, 30 நாளில் பறித்து நடவு. அதற்கு வாருங்கள். ஒரு மூலையை அவர்களுக்கென்றே விட்டுவைக்கிறேன். வரிசை கோணலானால் என்ன, பயிர் வளரும். அந்த மூலைக்கு மருந்தும் அடிக்க மாட்டேன்.

அடுத்து மார்கழியில், கதிர் பால் பிடிக்கும்போது வர வேண்டும். பச்சை நெல்லை நகத்தால் அழுத்தினால் வெள்ளையாகப் பால் பிதுங்கும். நாக்கில் வைத்தால் லேசாக இனிக்கும். அதைச் சுவைத்த பிள்ளைக்கு அரிசியைப் பற்றித் தனியாகப் பாடம் எதற்கு? தையில் பெரியவர்கள் அந்த மூலையை அரிவாளால் அறுத்துத் தரட்டும், பிள்ளைகள் கதிரடிக்கட்டும். அரிசியாக்கி அவர்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறேன்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எங்கள் பக்கம் பல கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. பிள்ளைகளோடு பெரியவர்கள் நிறையப் பேர் வர வேண்டும்.

சத்துணவு அமைப்பாளர் (ஓய்வு):
அந்தப் பெரியவர்களாகப் பாட்டிமாரையே அழைத்துப் போங்கள். நடவுக்குப் போய்ப் பிழைத்தவர்கள் அந்தக் குடியிருப்பிலேயே இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். நாற்று முடியை, அதாவது நாற்றுக் கட்டைப் பிரித்து நடும் வேகத்தில் நம் யார் கையும் அவர்களுக்கு ஈடாகாது. தன் பாட்டி இதில் கெட்டிக்காரி என்று பேரப்பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டாமா? நடவு வரும்வரை மொட்டை மாடியில் சிறுகீரை விதையுங்கள். ஒரு மாதத்துக்குள் பறித்துக் கடைந்துவிடலாம்.

மாலை வகுப்பு டீச்சர்:
புரட்டாசி நடவுக்கே வருகிறோம் ஐயா. பாட்டிமாரை இன்றே கேட்கிறேன். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை வசதி உண்டா?

ஏரிப்பாசனத்தான்:
வயலை ஒட்டியே எங்கள் வீடு, கழிப்பறை இருக்கிறது. மதியச் சாப்பாடும் அங்கேதான். எதுவும் கட்டிக்கொண்டு வர வேண்டாம். மாற்றுத் துணி மட்டும் ஆளுக்கு ஒன்று எடுத்து வரச் சொல்லுங்கள்.