ரஜூலாவை முடித்தது விமானம்தானா?

மண்ணடிவாசி:
விமானம் வந்தது, அதனால் சிங்கப்பூர்க் கப்பல் நின்றது என்று சென்ற வாரம் இங்கே ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ரஜூலா, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பலாக 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற தடத்திலேயே பெரும்பாலும் உழைத்தது. இடையில் இரண்டாம் உலகப் போரில் துருப்புகளை ஏற்றிச் சென்று, உயிரோடு திரும்பியும் வந்தது. அதே ஆண்டு பிறந்த அதன் சகோதரக் கப்பலான ரோனாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1943 நவம்பரில் அல்ஜீரியக் கடலில் ஜெர்மானியரின் குண்டுக்கு இரையாகி 1,100க்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது.

விஷயத்துக்கு வருகிறேன். ரஜூலா ஓய்வு பெற்றபோது விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது. அப்படியிருந்தும் இந்தியக் கப்பல் கழகம், 1966இல் டன்கர்க்கில் கட்டப்பட்ட ஒரு பிரெஞ்சுக் கப்பலை வாங்கி, சிதம்பரம் என்று பெயரிட்டு அதே தடத்தில் விட்டது. ஏறுவதற்கு ஆள் இல்லையென்றால் எந்த நிர்வாகம் அவ்வளவு பெரிய கப்பலை வாங்கும்? 1985 பிப்ரவரியில் சென்னைக்கு வரும் வழியில் சிதம்பரம் தீப்பிடித்து, பயணிகள் பலர் இறந்தார்கள். அத்துடன் அந்தத் தடமே அறுந்தது. முடிவு விபத்தால் வந்தது. அதைவிட, விபத்துக்குப் பிறகு மாற்றுக் கப்பல் விடாததால் வந்தது என்பதே என் வாதம்.

தண்டையார்பேட்டை ஆசிரியை:
ஐயா, உங்கள் ஆண்டுக் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ரஜூலாவை நீங்கள் ஒரு குடும்பத்துப் பெரியவரைப் போலப் பேசுவது எனக்கு உறுத்துகிறது. அது கட்டப்பட்டபோது, அறை இல்லாமல் தளத்தில் பாய் விரித்துப் போகும் தளப் பயணிகளாக மட்டும் 5,000க்கும் மேற்பட்டோரை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. சுமார் 8,500 டன் கொண்ட ஒரு கப்பலில் 5,000 உயிர்கள் என்றால், ஒருவருக்கு ஒரு பாய் அகலம்கூடக் கிடைத்திருக்காது. என் தாத்தா அப்படிப் போனவர். கப்பலில் கால் வைத்ததும் பாயைத் தூக்கிக்கொண்டு ஓடி, புகைக்கூண்டின் அனலும் கக்கூஸ் நாற்றமும் எட்டாத ஓரத்தில் இடம் பிடித்தால்தான் ஆறேழு நாளைக்கு மூச்சுவிட முடியும் என்று சொல்லுவார். பினாங்கில் ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூரில் செயிண்ட் ஜான்ஸ் தீவு என்று தளப் பயணிகளை இறக்கி, நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்த இடங்களும் இருந்தன. மேல் வகுப்பில் போனவர்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தீவுகளின் பெயர்கூடத் தெரியாது.

அந்தக் கப்பல் ஏன் நிரம்பியது என்பதையும் பார்க்க வேண்டும். 1907 முதல் மலாயாவில் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து ஒரு குடியேற்ற நிதி நடத்தினார்கள். தோட்டத்துக்கு ஊரிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணி திரட்டிய கூலியாட்களின் கப்பல் சத்தத்தை, அதாவது பயணக் கட்டணத்தை, அந்த நிதியே கட்டியது. 1938இல் இந்திய அரசு அவ்வகைக் கூலிக் குடியேற்றத்தைத் தடை செய்தது. 1953 முதல் மலாயாவின் குடிநுழைவுச் சட்டம், புதிதாக வேலை தேடி வருவோருக்குக் கதவை அடைத்தது. ஆக, ரஜூலாவின் உயிர்நாடி விமானத்துக்கு வெகுகாலம் முன்பே சட்டத்தால் அறுக்கப்பட்டது. அது அறுந்தது நல்லதே என்பது என் எண்ணம்.

காசிமேடு மெக்கானிக்:
நான் படகு எஞ்சின் வேலை செய்கிறவன், அந்தக் கண்ணால்தான் பார்ப்பேன். கடலில் ஓடும் இரும்புக்கு 47 ஆண்டு என்பது மிக நீண்ட ஆயுள். உப்புக்காற்று தகட்டைத் தின்னும். ஒரு இடத்தில் ஒட்டுப் போட்டால் அதற்குப் பக்கத்தில் இளைக்கும். மணிக்குச் சுமார் 13 கடல்மைல் போகும் நீராவிக் கப்பலை, எண்ணெய் விலை ஏறிய 1973இல் எந்தக் கம்பெனியும் வைத்துக்கொள்ள விரும்பாது. விற்ற பிறகு ரங்கத் என்று அந்தமான் ஊரின் பெயரை வைத்தார்கள். அதிக நாள் இல்லாமல் உடைக்கவும் அனுப்பிவிட்டார்கள். ரஜூலாவைப் பொறுத்தவரை வயதுதான் காரணம். சிதம்பரத்தின் கதை வேறு, இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம் அண்ணே.

மண்ணடிவாசி:
தம்பி சொல்வது சரி. ரஜூலாவுக்கு மூப்பு, சிதம்பரத்துக்குத் தீ, பிரித்தே பேசுவோம்.

டீச்சர் அம்மா, கூலிக்காரர்களை அடைத்துக்கொண்டு போன காலத்தை நான் புகழவில்லை. போருக்குப் பிறகு ஏற்றும் ஆள் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்தார்கள். நான் பேசுவது அதற்குப் பிந்தைய, சொந்தக் காசில் சீட்டு வாங்கிய ஜனங்களைப் பற்றி. என் தாய்மாமா துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்கியவர். கப்பல் வரும் நாளில் எங்கள் தெருவின் கைவண்டி முழுவதும் துறைமுக வாசலில்தான் நிற்கும். சுங்கம் முடிந்து வெளியே வருகிறவர்களின் டிரங்குப் பெட்டியில் வெள்ளைச் சாயத்தால் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். பெட்டியைப் பார்த்தே, இது மாயவரத்து ஆள், இது கூத்தாநல்லூர் ஆள் என்று மாமா வண்டியைத் திருப்புவாராம். சிதம்பரம் காலத்தில் சிறு வியாபாரிகள் பலர் அதிலேயே போய்வந்து பிழைத்தார்கள். விமானத்தில் கொடுக்கும் இருபது, முப்பது கிலோ சாமான் அளவில் அந்தப் பிழைப்பு நடக்குமா?

இன்னொன்று. சத்தத்தை நிதி கட்டியதால்தான் கப்பல் ஓடியது என்றால், கட்ட ஒரு கை இருந்தால் கப்பல் ஓடும் என்றுதானே பொருள்? இன்றும் நம் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குப் பயணிகள் கப்பல் போகிறது. சுமார் 1,360 கிலோமீட்டர், ஏறத்தாழ மூன்று நாள். சில மணி நேரத்தில் கொண்டுபோய் விடும் விமானம் இருந்தும் அது ஓடுவது அரசு பணம் போடுவதால்.

காசிமேடு மெக்கானிக்:
அந்தமான் நம் நாட்டுக்குள் இருக்கும் தீவு. அங்கே இருப்பவர்களுக்கு வழி செய்து கொடுப்பது அரசின் கடமை. வெளிநாட்டுத் தடத்தில் நட்டத்தை எந்த நாட்டின் கஜானா சுமக்கும்? 2011 ஜூனில் தூத்துக்குடி, கொழும்பு இடையே ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பழைய கப்பலை ஆரவாரமாக விட்டார்கள். போதிய பயணிகள் இல்லாமல் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நின்றுபோனது.

மண்ணடிவாசி:
ரஜூலா நின்று போன அதே நாகப்பட்டினத்தில் இப்போது என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2023 அக்டோபரில் அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குச் செரியபாணி கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். ஒரு முறை நின்றதற்காகத் தடத்தையே கைவிடவில்லை என்பது முக்கியம். 1985க்குப் பிறகு நமக்கு அந்த இரண்டாவது முயற்சி கிடைக்கவே இல்லை.

தண்டையார்பேட்டை ஆசிரியை:
ஐயா, என் கருத்தில் ஒரு பாதியை மாற்றிக்கொள்கிறேன். ரஜூலா கூலிக் கப்பலாகப் பிறந்தது என்பதில் மாற்றமில்லை. ஆனால் 1969க்குப் பிறகு மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, வேலை இழந்து குடும்பம் குடும்பமாக ஊர் திரும்பியவர்களைச் சுமந்து வந்ததும் அதே கப்பல்தான். பாதிக் குடும்பம் அங்கே தங்கிவிட்டது. அவர்களுக்கு இரண்டு கரையும் வேண்டியிருந்தது என்பதை முதலில் எழுதும்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

என் சித்தி மலேசியாவில் தைப்பிங்கில் இருந்தார். 1986இல் பாட்டி இறந்தபோது தந்தி கொடுத்தோம். விமானச் சீட்டுக்குப் பணம் புரட்ட முடியாமல் சித்தி வரவில்லை. கப்பல் இருந்திருந்தாலும் எடுப்புக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது. ஆனால் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருப்பார்.