வண்டு வந்தது, அம்மாவின் வேலை போனது

செம்பனைக்காரி:
மலேசியாவும் சேர்ந்திருக்கிற சிபிடிபிபி என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தில் பெண்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது, இன்னும் என்ன குறை என்று நேற்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது, 23ஆம் அத்தியாயத்தில். கையெழுத்துப் போட்டதும் 2018 மார்ச் 8, மகளிர் தினத்தில் (நாள் பார்த்துத்தான் போட்டார்களோ). ஆனால் ஒரு நாடு அந்த அத்தியாயத்தை மதிக்காவிட்டால் வழக்குக்குக் கொண்டுபோக முடியாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. புதுப் பயிர் ரகம் உருவாக்கியவர்களுக்கு உரிமை கொடுக்கும் உப்போவ் 1991 விதை உடன்படிக்கையில் மலேசியா சேர வேண்டும் என்ற நிபந்தனை இருப்பது அறிவுசார் சொத்து அத்தியாயத்தில். அதற்கு மட்டும் வழக்கு உண்டு.

குளுவாங் மாறன்:
விதைக்கு ஆணென்ன பெண்ணென்ன தங்கச்சி? உப்போவ் பேசுவது பதிவு செய்த புது ரகத்தைப் பற்றி. கொல்லையில் நீ போடும் நாட்டு அவரையைக் கேட்டு யாரும் வரமாட்டான். வருஷக்கணக்கில் பாடுபட்டு ரகம் கண்டுபிடித்தவனுக்கு ஒன்றும் வேண்டாமா?

செம்பனைக்காரி:
அண்ணே, கொல்லையைப் பற்றி நான் பேசவில்லை. பதிவு ரகமாகவே இருந்தாலும் சிறு விவசாயிகள் தங்களுக்குள் ஓரளவு மாற்றிக்கொள்ளலாம் என்று நம் 2004 புதுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறதே, உப்போவில் சேர்ந்தால் அதற்குத்தான் ஆபத்து. எங்கள் பக்கம் ஆண்கள் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டப் போய்விட, பசார் தானி என்ற உழவர் சந்தைக்கு மிளகாய் கொண்டுபோகிறவர்கள் பெண்கள்தான். விதையும் நாற்றும் கைமாறுவது அவர்களுக்குள்ளே, ரசீதெல்லாம் கிடையாது.

அப்புறம், ஆணென்ன பெண்ணென்ன என்று கேட்டீர்களே, 1981இல் செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்க்கும் வண்டைக் கேமரூனிலிருந்து கொண்டுவந்து முதலில் விட்டதே நம் குளுவாங் பக்கம்தான். அதுவரை செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தை டால்கம் மாவில் கலந்து கையால்தான் தூவினார்கள், என் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். வண்டு பெருகியதும் அந்த வேலை போய், மருந்தடிக்கும் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். முதுகில் பாராகுவாட் களைக்கொல்லி. அந்த மருந்துக்கு இங்கே முழுத் தடை வந்தது 2020இல்.

குளுவாங் மாறன்:
என் அம்மாவும் பூத் தூவியவர்தான். மட்டை முள் கையைக் கிழித்துக் கிழித்து, வண்டு வந்தது புண்ணியம் என்பார். காய்ப்பு கூடியது, எண்ணெய் ஏற்றுமதி கூடியது, நாங்கள் படித்தது அந்தத் தோட்டத்துச் சம்பளத்தில். மருந்தடிக்க அனுப்பியது வண்டா, மேனேஜ்மெண்டா?

செம்பனைக்காரி:
மேனேஜ்மெண்ட்தான். மற்ற பயிரைத் தின்னுமா என்று வண்டைச் சோதித்த பிறகுதான் விட்டார்கள். மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் இந்தப் பெண்களை எங்கே நிறுத்துவது என்று எங்கள் தோட்டத்தில் யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

குளுவாங் மாறன்:
அது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைத் தொழிற்சங்கத்தில் கேட்கணும். வழக்குக்கே போகாத அத்தியாயத்தில் இன்னும் நாலு வரி சேர்த்து என்ன ஆகப்போகிறது?