தகவல் உரிமை மனுவுக்குப் பதில் இல்லை, மேல்முறையீடு எழுத உதவுங்கள்

வணக்கம். எங்கள் ஊர் ஏரியின் பரப்பு, எல்லை, ஆக்கிரமிப்பு விவரம் கேட்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது, பதில்தான் வரவில்லை. 30 நாள் கெடு முடிந்து இன்றோடு 12 நாள்.

அரசியலமைப்பின் 51ஏ பிரிவு, ஏரிகளைக் காப்பது குடிமக்களின் கடமை என்கிறது. சரி, எல்லையே தெரியாமல் எதைக் காப்பது?

கெடு முடிந்த 30 நாளுக்குள் தகவல் உரிமைச் சட்டத்தின் 19(1) பிரிவின்படி முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதை யார் பெயருக்கு எழுதுவது? மேல்முறையீட்டு அலுவலர் யாரென்று அலுவலகப் பலகையில் இல்லை. முன்பு எழுதியவர்கள் மாதிரிக் கடிதம் இருந்தால், பெயர் முகவரியை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். இன்னும் 18 நாள்தான் இருக்கிறது.