மூளைக்கட்டி கண்டறிதல்: சோதனையில் தேறிய மாடல் புதிய ஸ்கேன்களில் தவறுவது ஏன்?

கேள்வி (முதுகலை மாணவி)

எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து மூளைக்கட்டியைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு மாடல் ஒன்றை ஆய்வேட்டுக்காக உருவாக்கி வருகிறேன். 233 நோயாளிகளின் 3,064 வெட்டுப்படங்கள் அடங்கிய, ஃபிக்‌ஷேர் தளத்தில் கிடைக்கும் தரவுத்தொகுப்பைக் கலைத்து, ஐந்தில் நான்கு பங்கைப் பயிற்சிக்கும் எஞ்சியதைச் சோதனைக்கும் ஒதுக்கினேன். சோதனையில் பிழை ஏறக்குறைய இல்லை. ஆனால், அடையாளங்கள் நீக்கப்பட்டு ஒரு மருத்துவமனையிலிருந்து கிடைத்த படங்களைக் கொடுத்தால், கட்டியே இல்லாத மூளையையும் ‘மெனிஞ்சியோமா’ (மூளையுறைக் கட்டி) என்கிறது. பயிற்சிச் சுற்றுகளைக் கூட்டியும் பயனில்லை. எங்கே தவறியிருப்பேன்?

பதில் 1 (மென்பொருள் ஆய்வாளர்)

படங்களைக் கலைத்தபோதே தவறு நேர்ந்துவிட்டது. அத்தொகுப்பில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 13 வெட்டுப்படங்கள் உள்ளன; அடுத்தடுத்த வெட்டுகளுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவு. ஒரே நோயாளியின் ஒரு வெட்டு பயிற்சியிலும் அதன் அண்டை வெட்டு சோதனையிலும் விழுந்தால், முன்பே பார்த்த தலையையே மாடல் மீண்டும் பார்க்கிறது. ஒவ்வொரு கோப்பிலும் நோயாளி எண் இருக்கிறது, அதன்படி பிரியுங்கள். மதிப்பெண் இறங்கும், ஆனால் ஆய்வேட்டில் எழுத வேண்டியது அந்த இறங்கிய எண்ணைத்தான்.

பதில் 2 (கதிரியல் மருத்துவர்)

அந்தத் தொகுப்பில் இருப்பவை கிளியோமா (மூளையின் துணைச் செல்களில் எழும் கட்டி) 1,426, பிட்யூட்டரி கட்டி 930, மெனிஞ்சியோமா 708 ஆகிய மூன்று வகை மட்டுமே. கட்டியற்ற மூளை ஒன்றுகூட இல்லை. ‘கட்டி இல்லை’ என்ற விடையே கற்பிக்கப்படாத மாடல், எதைக் காட்டினாலும் மூன்றில் ஒன்றைத்தானே சொல்லும்? ஆகவே நீங்கள் செய்திருப்பது வகைப்படுத்தல். கண்டறிதல் என்று தலைப்பிட வேண்டாம்.

மேலும், அவை யாவும் காடோலினியம் என்ற ஒளிர்வூட்டும் மருந்தைச் செலுத்தி எடுத்த டி1 (எம்.ஆர்.ஐ. பட வகைகளில் ஒன்று) படங்கள். இரத்தத்திலுள்ளவை மூளைக்குள் கசியாமல் காக்கும் இரத்த-மூளைத் தடுப்பு சிதைந்த அல்லது இல்லாத இடத்தில்தான் அம்மருந்து கசிந்து ஒளிரும். குறைந்த தரநிலைக் (மெதுவாக வளரும்) கிளியோமாக்கள் பல ஒளிர்வதில்லை. ஃப்ளேர் எனும் மற்றொரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில்தான் அவை தெளிவாகத் தெரியும். மாறாக, சீழ்க்கட்டியும் வளையமாக ஒளிரக்கூடும். நாங்கள் ஒரே வகைப் படத்தை வைத்து முடிவு சொல்வதில்லை.

பதில் 3 (மருத்துவப் படவியல் ஆசிரியர்)

சி.டி.யில் நீருக்கு 0, காற்றுக்கு −1000 என்ற ஹவுன்ஸ்ஃபீல்டு அளவு உண்டு. வழக்கமான எம்.ஆர்.ஐ. படங்களின் ஒளிச்செறிவுக்கு அத்தகைய பொது அலகு இல்லாததால், கருவி மாறினால் எண்களும் மாறும். ஒவ்வொரு ஸ்கேனையும் மூளைப்பகுதியின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் கொண்டு சீராக்கிய பிறகே மாடலுக்குக் கொடுங்கள்.

கட்டியின் எல்லையையும் வரைய விரும்பினால், மூளைக்கட்டியின் எல்லையை வரையும் மாடல்களுக்காக 2012இல் தொடங்கிய பிராட்ஸ் போட்டியின் தரவைப் பாருங்கள். டி1, மருந்து செலுத்திய டி1, டி2, ஃப்ளேர் ஆகிய நான்கும் அதில் உண்டு. அங்கே துல்லிய விழுக்காட்டை நம்ப வேண்டாம்: கட்டி மூளையில் சிறு பகுதியே என்பதால், எங்கும் கட்டியில்லை என்று சொல்லும் மாடலும் உயர்ந்த விழுக்காட்டைப் பெற்றுவிடும். மாடல் வரைந்த பகுதியும் உண்மையான கட்டிப் பகுதியும் எவ்வளவு ஒன்றிப்போகின்றன என்று அளக்கும் டைஸ் கெழுவைக் கணக்கிடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நோயாளி எண்படி பிரித்ததும் மதிப்பெண் இறங்கிவிட்டது. மெனிஞ்சியோமாவில்தான் சரிவு மிகுதி. தலைப்பில் ‘கண்டறிதல்’ என்றிருந்ததை ‘வகைப்படுத்தல்’ என மாற்றிவிட்டேன்.