உதவி: ஷஃபிள் டெஸ்ட் ஒரு தடவை பாஸ், ஒரு தடவை ஃபெயில்

கோடுப்பித்தன்: சீட்டு விளையாட்டு ப்ரோக்ராம் எழுதுகிறேன். கலக்கும் ஃபங்ஷனுக்கு எழுதிய டெஸ்ட் ஒரு தடவை பாஸ், அடுத்த தடவை ஃபெயில். நடுவில் நிரல் கோடைத் தொடவே இல்லை. காலையில் கொடுத்தாக வேண்டும், யாராவது சொல்லுங்களேன்.

வெயிலான்: எந்த மொழி? எத்தனை சீட்டு? டெஸ்ட் எதைப் பார்க்கிறது?

நதிமூலம்: சீடை, அதாவது ரேண்டம் எண்கள் கிளம்பும் தொடக்க எண்ணை, 42 என்று நிலையாக வையுங்கள். எப்போதும் ஒரே வரிசை வரும், டெஸ்ட் ஆடாது.

பழையகை: கோடும் இல்லை, எண்ணும் இல்லை. ரேண்டமைச் சோதிக்க வருகிறவர்கள் முதலில் கொஞ்சம் புள்ளியியல் படித்துவிட்டு வரலாம்.

கோடுப்பித்தன்: மன்னிக்கணும் அண்ணா. பைதான். 3 சீட்டை 600 தடவை கலக்குகிறேன். வரக்கூடிய 6 வரிசையும் தலா 80 முதல் 120 தடவைக்குள் வர வேண்டும். பத்து ஓட்டத்தில் ஐந்தாறு ஃபெயில்.

வெயிலான்: ஒவ்வொரு வரிசையும் சராசரியாக 100 தடவை வரும்; அதிலிருந்து தற்செயலாக விலகும் அளவு, அதாவது திட்ட விலக்கம், 9 சொச்சம். இந்த வரம்புக்குச் சரியான கோடே ஏழு ஓட்டத்துக்கு ஒருமுறை ஃபெயிலாகும். ஆனால் பாதிக்குப் பாதி ஆகாது. கலக்கும் வரியைப் போடுங்கள்.

இளவேனில்: பைதானின் ரேண்டம் எண்களைத் தருவது மெர்சென் ட்விஸ்டர் என்ற கணக்கு முறை. 624 எண்களைப் பார்த்தால் அடுத்ததைச் சொல்லிவிடலாம். ஊகிக்க முடியாத எண் தரும் சீக்ரெட்ஸ் மாட்யூலுக்கு மாறுங்கள்.

நதிமூலம்: ஊகிக்க முடிவது வேறு, சமமாக வராதது வேறு. இங்கே பிரச்சினை இரண்டாவது.

இளவேனில்: நாளைக்குக் காசு வைத்து ஆடினால்?

கோடுப்பித்தன்: லூப்பில் ஐ (i) என்ற எண் 0 முதல் 2 வரை போகும். ஒவ்வொரு தடவையும் ஐ-யாவது சீட்டையும் ரேண்டின்ட்(0, 2), அதாவது 0 முதல் 2 வரை ஏதோ ஒரு ரேண்டம் எண், காட்டும் சீட்டையும் மாற்றி வைக்கிறேன்.

பழையகை: இதுதான். 3×3×3, மொத்தம் 27 வழி. வரிசையோ 6. 27-ஐ 6 மீதியில்லாமல் வகுக்காது, அதனால் எல்லா வரிசைக்கும் சம பங்கு கிடைக்காது. மூன்று வரிசைக்கு 4/27, மூன்றுக்கு 5/27. 600-க்கு 89, 111. உங்கள் டெஸ்ட் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ரேண்டின்ட்(ஐ, 2) என்று மாற்றுங்கள், அது ஃபிஷர்–யேட்ஸ் முறை, 1938. சீடை நிலையாக்கியிருந்தால் இந்தப் பிழை மறைந்தே போயிருக்கும்.

நதிமூலம்: சீடே இல்லாமல், ஃபெயிலான ஓட்டத்தை எப்படித் திரும்ப ஓட்டுவது? தடவைக்கொரு புது சீடு எடுத்து லாகில் (ஓட்டப் பதிவில்) எழுதச் சொல்லுங்கள்.

பழையகை: அதற்குச் சரி.

வெயிலான்: 6000 தடவை கலக்கி வரம்பை 900–1100 ஆக்குங்கள். சரியான கோடு ஆயிரம் ஓட்டத்தில் மூன்று தடவைதான் ஃபெயிலாகும். பழைய கோடு கிட்டத்தட்ட எப்போதும் மாட்டும்.

கோடுப்பித்தன்: மாற்றிவிட்டேன். 1012, 978, 1003, 991, 1027, 989. சீடும் லாகில் இருக்கிறது. நன்றி அண்ணா.

இளவேனில்: சீக்ரெட்ஸ்?