பிரிவியூவில் 410 கேபி, சேவ் ஆனதும் 420: எதை நம்புவது?

பிக்சல்பாண்டி: எக்ஸ்போர்ட் பிரிவியூவில் சைஸ் பார்த்து ஃபார்மட் தேர்வு செய்யச் சொல்லி பக்கத்துத் திரியில் ஒருவர் பாடம் நடத்துகிறார். அது வெறும் உத்தேசக் கணக்கு. பிரிவியூவில் 410 கேபி காட்டும் ஜேபெக், சேவ் ஆனதும் மேக்கில் 420. பேசாமல் குவாலிட்டி 100 வைத்து அனுப்புங்கள், இழப்பே இருக்காது.

கூர்முனை: அந்த 'ஒருவர்' நான்தான், பெயரைச் சொல்லியே எழுதலாம். உத்தேசமாம்! கிம்ப் என்ற படத் திருத்தியில் ஜேபெக் எக்ஸ்போர்ட் செய்யும்போது முன்னோட்டத்தை டிக் செய்யாதவரை சைஸே வராது. டிக் செய்ததும் படத்தை நிஜமாகவே சுருக்கிப் பார்த்துத்தான் எண்ணைச் சொல்கிறது. ஒரு கேபி 1024 பைட் என்று வைத்து உங்கள் 410ஐ 1024ஆல் பெருக்குங்கள்: 4,19,840 பைட். மேக் 1000ஆல் வகுப்பதால் 420. அதே ஃபைலை விண்டோஸில் பார்த்தால் 410தான்.

பிக்சல்பாண்டி: கணக்கு வாத்தியாருக்கு வணக்கம். 410 என்றது, 420 ஆனது. அவ்வளவுதான்.

நிறமாலை: 1024 மட்டுமே காரணம் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? எக்ஸிஃப் (கேமரா விவரம்), தம்ப்நெயில் (குட்டிப் படம்), கலர் ப்ரொஃபைல் (நிற விவரம்) என மெட்டாடேட்டா, அதாவது படத்தோடு ஒட்டிவரும் கூடுதல் தகவல், சேர்ந்தாலும் சைஸ் ஏறும். எக்ஸ்போர்ட் விண்டோவில் அவற்றுக்கான டிக்குகளை எடுத்துவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 410க்கு இறங்கினால் மெட்டாடேட்டா, 420லேயே நின்றால் 1024.

கூர்முனை: 1024தான். அது கிடக்கட்டும், 'குவாலிட்டி 100 என்றால் இழப்பில்லை' என்று யாரும் நம்பிவிடாதீர்கள். 100லும் ஆர்ஜிபியை (சிவப்பு, பச்சை, நீலம்) ஒய்சிபிசிஆராக (வெளிச்சம் தனி, நிறம் தனி) மாற்றும்போதும், 8×8 பிக்சல் கட்டங்களைக் கணக்கிடும்போதும் பின்னங்கள் முழு எண்ணாக்கப்படும். நிறத்தகவலைக் குறைக்கும் 4:2:0 அமைப்பைப் போட்டிருந்தால் நிறத்தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதி காலி. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து வைத்து 300% பெரிதாக்குங்கள், ஓரமெல்லாம் அழுக்காகக் கசிந்திருக்கும். நிறத்தகவலைக் குறைக்காத 4:4:4க்கு மாற்றினால் அது தெளியும், சைஸ் ஏறும். எழுத்து, லோகோ, ஸ்க்ரீன்ஷாட் என்றால் பிஎன்ஜி. அதில் கம்ப்ரெஷன் 9 வைத்தாலும் ஒரு பிக்சல் மாறாது, நேரம்தான் கூடும்.

பிக்சல்பாண்டி: ஓஹோ, ஒரு பிக்சல் மாறாதா? போன மாதம் பிஎன்ஜி-8ல் (256 நிறம் வரை மட்டும் வைக்கும் பிஎன்ஜி) கிரேடியண்ட், அதாவது மெல்ல மாறும் நிறம், பட்டை பட்டையாக உடைந்தபோது இதே வசனம்தான்!

கூர்முனை: அன்றைக்கே சொன்னேன். 256 நிறமாகக் குறைத்தபோது போனது அது. பிஎன்ஜி சுருக்கியதால் இல்லை. படித்தால்தானே?

சதுரம்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 1920×1080 படத்துக்கு போட்டோஷாப் இமேஜ் சைஸில் 5.93 எம் (எம்பி) காட்டுகிறதே, ஜேபெக் அவ்வளவு வருமா?

கூர்முனை: வராது. பிக்சலுக்கு 3 பைட், 1920×1080×3 = 62,20,800 பைட், அதுதான் அந்த 5.93. சுருக்காத படம் மெமரியில் பிடிக்கும் இடம் அது. சேவ் ஃபார் வெப்பில் நான்கு கட்டக் காட்சியைத் திறங்கள், ஒவ்வொரு ஃபார்மட்டுக்கும் கீழேயே சைஸ் இருக்கும்.

பிக்சல்பாண்டி: பார்த்தீர்களா, ஒரே மென்பொருளில் இடத்துக்கு ஒரு சைஸ். இதைத்தான் நானும் சொல்கிறேன். 410, 420.

நிறமாலை: டிக்கை எடுத்துப் பார்த்தீர்களா, இல்லையா?

பிக்சல்பாண்டி: எதற்கு எடுக்க வேண்டும்? காப்புரிமை விவரம் அதில்தான் இருக்கிறது.

கூர்முனை: நிறமாலை, நீங்கள் வேறு மெட்டாடேட்டாவை இழுத்து அவருக்கு ஏணி போட்டுக் கொடுக்காதீர்கள். 1024.

நிறமாலை: டிக்கை எடுத்துப் பார்க்காமல் அதை நீங்களும் சொல்ல முடியாது.